சொஜர்னர் ட்ரூத்: விடுதலை, வழக்கு, பிள்ளைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1797 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1883இல் மிச்சிகனில் சொந்த வீட்டில் இறந்தவர் சொஜர்னர் ட்ரூத். பலருக்கும் அவரை அடிமை ஒழிப்புக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் பேசிய மேடைப் பேச்சாளராகத்தான் தெரியும். இந்தப் பக்கத்தில் மேடையைவிட வீட்டுக் கணக்குதான் அதிகம் வரும். சட்டம் அவருக்கு ஒரு தேதியில் விடுதலை கொடுத்தது, பிள்ளைகளுக்கோ ஆளுக்கொரு தேதியை வைத்தது. அந்தத் தேதிகளுக்கு நடுவே சிதறிப்போன குடும்பத்தில் யார் யார் திரும்பக் கிடைத்தார்கள், யார் கிடைக்கவில்லை என்பதை இங்கே பார்க்கலாம்.

நியூயார்க்கில் அடிமை முறை இருந்ததா? அது தெற்கு மாநிலங்களின் சங்கதி அல்லவா?

இருந்தது. 1827 வரை சட்டப்படியே இருந்தது. நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது அல்ஸ்டர் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது). டச்சுக் குடியேறிகளின் வழிவந்த பண்ணைக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. தெற்கைப் போல நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்து நடத்திய பருத்தித் தோட்டங்கள் அங்கே இல்லை. ஒரு பண்ணைக்கு நாலைந்து பேர். அவர்கள் எசமானர் வீட்டு நிலவறையிலோ சமையற்கட்டிலோ படுத்துக்கொள்வார்கள். இதனால் கொடுமை குறைந்துவிடவில்லை. பண்ணை சிறியது என்பதால் கணவன் ஒரு வீட்டில், மனைவி இன்னொரு வீட்டில், பிள்ளைகள் வேறெங்கோ என்று குடும்பம் பிரிந்து கிடப்பதே வழக்கமாயிற்று.

பெற்றோர் யார்? அவர்கள் என்ன ஆனார்கள்?

தந்தை ஜேம்ஸ். நெடுநெடுவென்று இருந்ததால் டச்சு மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல்லை வைத்து அவரை ‘பாம்ஃப்ரீ’ என்று அழைத்தார்கள். தாய் எலிசபெத், எல்லோருக்கும் ‘மாமா பெட்’. இருவரும் கர்னல் ஜோஹானஸ் ஹார்டன்பர்க்கின் அடிமைகள். அவர் இறந்ததும் மகன் சார்லஸின் சொத்தானார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீடு அது. இவருடைய இயற்பெயர் இசபெல்லா. அவருக்கும் கடைக்குட்டித் தம்பி பீட்டருக்கும் நினைவு தெரிவதற்குள் மூத்தவர்கள் எல்லோரும் விற்கப்பட்டுவிட்டார்கள்.

விற்ற காட்சியைத் தாய் திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்தார். பனிக்காலம். ஐந்து வயது மைக்கேல் காலையில் எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறான். வாசலில் பனிச்சறுக்கு வண்டி வந்து நின்றதும், சவாரி போகப்போகிறோம் என்று துள்ளி ஏறியிருக்கிறான். மூன்று வயதுத் தங்கை நான்சியை வண்டிப் பெட்டிக்குள் வைத்து மூடியதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்து, இறங்கி ஓடி வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்தான். இழுத்துவந்து ஏற்றிவிட்டார்கள்.

சார்லஸ் இறந்தபோது ஜேம்ஸ் வேலைக்கு உதவாத கிழவர். அவரைப் பராமரிக்க வாரிசுகளில் ஒருவரும் முன்வரவில்லை. கணவரைக் கவனிக்கட்டும் என்று சொல்லித் தாய்க்கும் சேர்த்து ‘விடுதலை’ கொடுத்தார்கள். தாய்தான் முதலில் இறந்தார். ஜேம்ஸ் கண் தெரியாமல், ஆளில்லாக் குடிசையில் குளிரில் விறைத்து இறந்துகிடந்தார். முதியவர்களுக்குத் தரப்பட்ட விடுதலை பெரும்பாலும் செலவைக் கைகழுவும் வழியாகவே இருந்தது.

இசபெல்லா எத்தனை முறை கைமாறினார்? விலை என்ன?

ஏலத்தில் முதல் விற்பனை நடந்தபோது அவருக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஜான் நீலி என்பவர் வாங்கினார். நீலி குடும்பம் ஆங்கிலம் பேசியது. சிறுமிக்கு டச்சு மட்டும்தான் தெரியும். வாணலியைக் கேட்டால் வேறொன்றை எடுத்து வருவாள், அதற்கு அடி விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தணலில் காட்டிய குச்சிக் கட்டால் முதுகு கிழிய அடித்தார்கள். அந்தத் தழும்பு கடைசிவரை போகவில்லை.

பிறகு 105 டாலருக்கு போர்ட் ஈவனில் மீன்பிடித்தும் சாராயக்கடை நடத்தியும் வந்த மார்டினஸ் ஷ்ரைவர் வாங்கினார். அங்கே ஒன்றரை ஆண்டு. 1810இல் நியூ பால்ட்ஸைச் சேர்ந்த ஜான் டூமான்ட் 70 பவுண்டுக்கு, அதாவது 175 டாலருக்கு, வாங்கினார். அடுத்த 16 ஆண்டுகள் டூமான்ட் வீட்டில்தான்.

அவருடைய கணவர் ராபர்ட்டா, தாமஸா?

விரும்பியவர் ராபர்ட், பக்கத்துப் பண்ணையின் அடிமை. அவருடைய எசமானருக்கு இது பிடிக்கவில்லை. காரணம் எளிது: பிறக்கும் குழந்தை தாயின் எசமானருக்குத்தான் சொந்தம், தனக்கு லாபமில்லை. இசபெல்லா நோயுற்றிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்த ராபர்ட்டை, தந்தையும் மகனுமாகப் பின்தொடர்ந்து வந்து தடியால் ரத்தம் சொட்ட அடித்தார்கள். டூமான்டே குறுக்கிட்டு, தன் இடத்தில் கொலை விழக்கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் ராபர்ட் அந்தப் பக்கமே வரவில்லை. தன் பண்ணைப் பெண் ஒருத்தியை மணந்து சில ஆண்டுகளில் இறந்துபோனார்.

தாமஸ் டூமான்டின் அடிமை, வயதில் மூத்தவர். ஏற்கெனவே இரண்டு மனைவியரைப் பிரிந்தவர், அதில் ஒருத்தி விற்கப்பட்டவள். இசபெல்லாவுக்கு மொத்தம் ஐந்து பிள்ளைகள். ஒன்று சிறுவயதிலேயே இறந்தது. தங்கியவர்கள் டயானா (1815), பீட்டர் (1821), எலிசபெத் (1825), சோபியா (1826). சட்டம் தாமஸையும் 1827இல் விடுவித்தது. ஓரிரு ஆண்டு கூலி வேலை பார்த்துவிட்டு ஏழைகள் விடுதியில் இறந்தார்.

நியூயார்க்கின் விடுதலைச் சட்டம் எப்படி வேலை செய்தது?

இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1799ஆம் ஆண்டுச் சட்டம், அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரமானது என்று அறிவித்தது. உடனே ஒரு நிபந்தனையும் போட்டது: ஆண் 28 வயது வரை, பெண் 25 வயது வரை தாயின் எசமானருக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பிறந்த 9 மாதத்துக்குள் எசமானர் குழந்தையை ஊர்ப் பதிவேட்டில் பதிய வேண்டும். அந்தத் தேதிக்கு முன் பிறந்த இசபெல்லா போன்றவர்களுக்கு இந்தச் சட்டத்தில் எதுவுமே இல்லை.

1817ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. 1799 ஜூலை 4க்கு முன் பிறந்தவர்கள் எல்லோரும் 1827 ஜூலை 4 அன்று விடுதலை பெறுவார்கள் என்றது. புதிய சட்டம் நிறைவேறிய பிறகு பிறக்கும் குழந்தைகளின் உழைப்புக் காலத்தை 21 வயதாகக் குறைத்தது.

இனி இந்த ஒரே வீட்டுக்குக் கணக்குப் போடுங்கள். தாய்க்கு விடுதலை 1827இல். 1815இல் பிறந்த டயானா பழைய விதிக்குள் வருகிறாள், 25 வயது வரை என்றால் 1840. பீட்டருக்கு 21 வயது ஆவது 1842இல். எலிசபெத்துக்கு 1846, சோபியாவுக்கு 1847. ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும் ஐந்து வெவ்வேறு ஆண்டுகளில் விடுதலை பெறுகிறார்கள். முதலுக்கும் கடைசிக்கும் இடைவெளி 20 ஆண்டு. ‘1827இல் நியூயார்க்கில் அடிமைத்தனம் ஒழிந்தது’ என்ற ஒற்றை வரி மறைப்பது இதைத்தான்.

பல கட்டுரைகளில் பீட்டர் 28 வயது வரை உழைக்க வேண்டியிருந்தது என்று எழுதியிருப்பார்கள். 1817 சட்டத்தைப் பார்க்காமல் 1799 சட்டத்தோடு நின்றுவிடுவதால் வரும் பிழை.

இசபெல்லா தப்பி ஓடினாரா?

நடந்து போனார் என்பதே அவர் சொன்ன பதில். டூமான்ட் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: ஒழுங்காக வேலை செய்தால், சட்டத் தேதிக்கு ஓராண்டு முன்பே, 1826 ஜூலை 4இல், விட்டுவிடுகிறேன் என்று. அந்த ஆண்டில் இசபெல்லாவின் வலக்கையில் காயம் பட்டது; சுட்டுவிரல் ஊனமாயிற்று. தேதி வந்ததும், கை சரியில்லாததால் வேலை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி டூமான்ட் கையை விரித்தார். எழுத்தில் எதுவும் இல்லை. அடிமையின் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லவும் செல்லாது.

இசபெல்லா இலையுதிர்காலம் வரை பொறுத்தார். சுமார் 100 பவுண்டு, நம் கணக்கில் 45 கிலோ, கம்பளியை நூற்று முடித்தார். கடனைத் தீர்த்துவிட்டேன் என்று தன் மனசாட்சிக்குச் சமாதானம். 1826 கடைசியில் ஒரு நாள் விடியும் நேரத்தில், ஒரு கையில் பால்குடி சோபியா, மறுகையில் கைக்குட்டையில் முடிந்த துணியும் சாப்பாடும். இரவில் போகப் பயம், பகலில் போனால் பார்த்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தார்.

அடிமை முறையை எதிர்த்த கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களில் ஒருவர் காட்டிய வழியில் ஐசக், மரியா வான் வேகனன் தம்பதியின் வீட்டை அடைந்தார். டூமான்ட் தேடிக்கொண்டு வந்தார். அடிமைகளை வாங்குவதும் விற்பதும் தன் வழக்கமில்லை, ஆனாலும் ஆளை விட்டுவிடுவதற்காகத் தருகிறேன் என்று சொல்லி, மீதிக் காலத்துக்கு 20 டாலரும் குழந்தைக்கு 5 டாலரும் எண்ணிக் கொடுத்தார் ஐசக். எசமான் என்று அழைக்காதே என்றும் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பப் பெயரையே இசபெல்லா 1843 வரை வைத்துக்கொண்டார்.

பிறகு திரும்பிப் போக நினைத்தார் என்கிறார்களே?

உண்மைதான். 1827இல் பிங்ஸ்டர் வந்தது. டச்சுக்காரர்களின் பெந்தெகொஸ்தே பண்டிகை. ஆண்டுக்கு ஒருமுறை அடிமைகள் ஆடிப்பாடிக் கூடும் நாட்கள். பழைய கூட்டமும் மூத்த பிள்ளைகளும் டூமான்ட் வீட்டுப் பக்கம்தான். டூமான்ட் வண்டியோடு வந்தபோது ஏறிவிடவே கிளம்பினார். அந்த நேரத்தில்தான் கடவுளைக் கண்ட அனுபவம் ஏற்பட்டதாகவும், அது தெளிந்து பார்த்தபோது வண்டி போய்விட்டிருந்ததாகவும் அவர் பின்னாளில் சொன்னார். இதைப் பலவீனமாகப் படிப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் அங்கே இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பீட்டர் எப்படி அலபாமாவுக்குப் போனான்?

இசபெல்லா வெளியேறுவதற்குச் சற்று முன்பு, ஐந்து வயதுப் பையனை டூமான்ட் டாக்டர் கெட்னி என்பவருக்கு விற்றார். இங்கிலாந்துக்கு எடுபிடியாகக் கூட்டிப்போக நினைத்த டாக்டர், பையன் மிகச் சிறியவன் என்று கண்டு தன் சகோதரர் சாலமன் கெட்னியிடம் அனுப்பினார். சாலமன், தங்கை கணவரான ஃபௌலர் என்ற அலபாமா பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டார்.

முதல் விற்பனைகள் மாநிலத்துக்குள் நடந்தவை, சட்டத்துக்கு உட்பட்டவை. கடைசி விற்பனைதான் குற்றம். அடிமைகளை மாநிலத்துக்கு வெளியே விற்பதை நியூயார்க் தடைசெய்திருந்தது. ஏன் தடை என்றால், 21 வயதில் விடுதலையாக வேண்டிய பையனை அலபாமாவுக்குக் கடத்தினால் அங்கே அவன் ஆயுள் அடிமை. விடுதலைத் தேதி நெருங்க நெருங்க, கையிலிருக்கும் ‘சரக்கை’ தெற்கே தள்ளிக் காசாக்கப் பலர் முயன்றார்கள். தடை இருந்தும் இது நடந்தது, ஏனென்றால் வழக்குப் போட ஆளில்லை.

மகனை மீட்ட வழக்கை எப்படி நடத்தினார்?

அவர் முதலில் போனது எசமானியிடம். ஒரு சின்னப் பையனுக்கா இவ்வளவு ரகளை என்று திருமதி டூமான்ட் ஏளனம் செய்தார். அடுத்து கெட்னியின் தாயிடம். அவர் சிரித்தார், தன் மகளும் அலபாமாவுக்குத்தானே போயிருக்கிறாள் என்றார். குவேக்கர்கள்தான் உருப்படியான வழி சொன்னார்கள்: கிங்ஸ்டன் நீதிமன்றத்துக்குப் போய் கிராண்ட் ஜூரியிடம் முறையிடு.

குற்றச்சாட்டில் வழக்குக்கு இடமிருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழுதான் கிராண்ட் ஜூரி. அது அவருக்குத் தெரியாது. நல்ல உடை போட்டிருந்த ஒருவரைப் பார்த்து அவர்தான் அது என்று நினைத்து முறையிட ஆரம்பித்தார். மாடிக்கு அனுப்பினார்கள். சத்தியம் செய்யச் சொல்லி வேதப்புத்தகத்தைக் கொடுத்ததும், எடுத்து உதட்டில் வைத்துச் சத்தமாகச் சத்தியம் செய்ய, குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். புகார் பதிவானது. ஒரு நீதித்துறை அலுவலர் உத்தரவு எழுதிக் கொடுத்து, நியூ பால்ட்ஸ் கான்ஸ்டபிளிடம் சேர்க்கச் சொன்னார். எட்டு ஒன்பது மைல். ஓட்டமும் நடையுமாகப் போய்க் கொடுத்தார்.

இங்கேதான் காரியம் கெட்டது. கான்ஸ்டபிள் உத்தரவை சாலமனுக்குப் பதிலாக அவருடைய சகோதரரிடம் கொடுத்துவிட்டார். ஆள் மாறிவிட்டது என்பது தெரிவதற்குள் சாலமன் படகேறி ஆற்றைக் கடந்துவிட்டார். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அவர் கேட்ட வழக்கறிஞர், பையனைக் கொண்டுவராவிட்டால் 14 ஆண்டு சிறையும் 1,000 டாலரும் ஆகலாம் என்று எச்சரித்தார். சாலமன் அலபாமா போய்ப் பீட்டரைக் கூட்டி வந்தார். வந்த பிறகு, என் சொத்து என்று தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மீண்டும் நீதிமன்றம். சாலமன் 600 டாலர் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அடுத்த அமர்வுக்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் பையன் மறுபடி காணாமல் போகலாம் என்பது தாய்க்குத் தெரியும். காத்திருக்க முடியாது என்று அலையாய் அலைந்து, 5 டாலர் கொடுத்தால் 24 மணி நேரத்தில் மகனைக் கொண்டுவருகிறேன் என்ற ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார். கையில் ஒரு காசில்லை. சுமார் பத்து மைல் நடந்து போப்பிள்டவுன் குவேக்கர்களிடம் கேட்டு வந்தார். அவர்கள் 5 டாலருக்கு மேலேயே கொடுத்தார்கள். மிச்சத்தில் செருப்பும் துணியும் வாங்கியிருக்கலாமே என்று ஊரார் கேட்டார்கள். எல்லாப் பணத்தையும் வழக்கறிஞரிடமே கொடுத்தார்: 5 டாலருக்கு மகன் வருவான் என்றால், அதற்கு மேல் கொடுத்தால் நிச்சயம் வருவான் என்பது அவர் கணக்கு.

பையன் வந்தான். வந்தவன் தாயைப் பார்த்து அலறினான், இவள் என் அம்மா இல்லை என்றான், எசமானரின் காலைப் பிடித்துக்கொண்டு தன்னை அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சினான். நெற்றியில் தழும்பு ஏது என்று கேட்டால், ஃபௌலரின் குதிரை உதைத்தது. கன்னத்தில் ஏது என்றால், வண்டியில் மோதிக்கொண்டேன். பதில் சொல்லும்போதெல்லாம் எசமானரின் முகத்தைப் பார்த்தான். அவ்வளவும் மிரட்டிச் சொல்லிக்கொடுத்தவை என்று நீதிபதி புரிந்துகொண்டார். பையனைத் தாயிடம் ஒப்படைக்கவும், தாயைத் தவிர வேறு எசமானர் அவனுக்கு இல்லை என்றும் தீர்ப்பானது. அதன் பிறகும் அவனைச் சமாதானப்படுத்த நேரம் பிடித்தது. வீட்டில் சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, கழுத்திலிருந்து கீழே முதுகு முழுக்கக் காய்ப்புக் காய்த்த தடிப்புகள்.

இந்த வழக்குக்கு ஆவணம் உண்டா?

உண்டு. நெடுங்காலம் அவர் வாய்மொழியாகச் சொன்னது மட்டுமே ஆதாரமாக இருந்தது. 2022இல் நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் வழக்குத் தாள்கள் அகப்பட்டன. 1828 மார்ச் 1 தேதியிட்ட வாக்குமூலம் அதில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர் என்பதால் கையெழுத்துக்குப் பதில் குறி மட்டும் போட்டிருக்கிறார். நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால் அது ஓர் ஆட்கொணர்வு மனு. நீண்ட நாள் கண்ணில் படாததற்கு ஒரு காரணம், அது ‘இசபெல் வான் வேகனன்’ என்ற பெயரில் இருந்ததுதான்.

வெள்ளையரை எதிர்த்து வழக்கில் வென்ற முதல் கறுப்பினப் பெண் இவரா?

அப்படி எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. மாசசூசெட்ஸில் ‘மம் பெட்’ எனப்பட்ட எலிசபெத் ஃப்ரீமன் 1781இலேயே தன் விடுதலைக்கு வழக்குப் போட்டு வென்றார். தெற்கே விற்கப்பட்ட மகனைத் தாய் ஒருத்தி சட்டத்தின் மூலம் மீட்டாள் என்பதுதான் இந்த வழக்கின் கனம். ‘முதல்’ பட்டம் இல்லாமலே அது நிற்கும்.

மீட்ட மகன் பிறகு என்ன ஆனான்?

1820களின் கடைசியில் தாயும் மகனும் நியூயார்க் நகரத்துக்குப் போனார்கள். தாய் வீட்டு வேலை செய்தார். பையனைக் கடல்வழிப் படிப்பில் சேர்த்தார்கள். அவன் கட்டணத்தை வேறு வழியில் செலவழித்தான், திருடினான், சிறைக்குப் போனான். தாய் இரண்டு முறை மீட்டார், மூன்றாம் முறை போகவில்லை. பீட்டர் வில்லியம்ஸ் என்று பொய்ப்பெயர் வைத்துக்கொண்டிருந்த அவன், அதே பெயருள்ள முடிதிருத்துநர் ஒருவருக்கு ஆள் அனுப்ப, அவர் இரக்கப்பட்டு, ஒரு வாரத்துக்குள் கப்பலேற வேண்டும் என்ற நிபந்தனையில் வெளியே எடுத்தார்.

1839 ஆகஸ்டில், நான்டக்கெட்டைச் சேர்ந்த ‘ஜோன்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் போனான். 1840, 1841இல் அவனிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. ஐந்து எழுதியதாக அதில் சொல்லியிருந்தான். தாயின் பதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று ஏங்கியிருந்தான். 1842இல் கப்பல் திரும்பியது, அதில் அவன் இல்லை. சட்டப்படி அவனுக்கு 21 வயது ஆக வேண்டிய ஆண்டு அதுதான்.

பனிவண்டியில் விற்கப்பட்ட அண்ணனும் அக்காவும் கிடைத்தார்களா?

நியூயார்க்கில் சீயோன் கறுப்பின ஆலயத்தில் இசபெல்லா ஒரு பெண்ணோடு பக்கத்தில் முழந்தாளிட்டு ஜெபித்திருக்கிறார். அந்தப் பெண் இறந்த பிறகு, அல்ஸ்டரிலிருந்து வந்த சகோதரி சோபியா (மகளுக்கும் இதே பெயர்), அண்ணன் மைக்கேலைக் கூட்டிவந்தார். மைக்கேல் சொல்லித்தான் தெரிந்தது, இறந்தவர் நான்சி என்று. முகச் சாயலையும் கைமுட்டிகளின் அமைப்பையும் அப்போதே கவனித்தும் யாரென்று தோன்றவில்லையே என்று மூவரும் அழுதார்கள்.

மத்தையாஸ் விவகாரம் என்ன?

சுருக்கமாக: தன்னைத் தீர்க்கதரிசி மத்தையாஸ் என்று சொல்லிக்கொண்ட ராபர்ட் மேத்யூஸின் சமயக் குழுவில் 1832 முதல் 1834 வரை இருந்தார். சேமித்த பணமும் அதில் போயிற்று. எலைஜா பியர்சன் என்ற உறுப்பினர் இறந்தபோது, அதே குழுவைச் சேர்ந்த ஃபோல்ஜர் தம்பதி இவர்மேல் விஷம் வைத்ததாகப் பழி சுமத்தினார்கள். அவதூறு வழக்குப் போட்டு 125 டாலர் இழப்பீடு பெற்றார். அவருடைய இரண்டாவது வழக்கு வெற்றி இது.

படிக்கத் தெரியாதவர் புத்தகம் வெளியிட்டது எப்படி? வருமானம் எவ்வளவு?

1843 ஜூன் 1 அன்று ஒரு தலையணை உறையில் துணிகளைத் திணித்துக்கொண்டு, சொஜர்னர் ட்ரூத் என்ற புதுப் பெயரோடு நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தபடி மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டன் கூட்டுச் சமூகத்துக்கு வந்து சேர்ந்தார். பட்டு ஆலையை நடுவில் வைத்து இயங்கிய அடிமை எதிர்ப்பாளர்களின் குடியிருப்பு அது. சலவைப் பொறுப்பு இவருடையது. 1846இல் அந்த அமைப்பு கலைந்தது.

அங்கே பழக்கமான ஆலிவ் கில்பர்ட்டிடம் தன் கதையைச் சொல்ல, அவர் எழுதினார். 1850இல் பாஸ்டனில் அச்சானது. அச்சுச் செலவைக் கடனாகச் சுமந்தவர் இவரே; கூட்டங்களுக்குப் போய் ஒரு பிரதி 25 சென்ட் என்று விற்றார். அதே ஆண்டு நார்தாம்ப்டனைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் கிராமத்தில் 300 டாலருக்கு அடமானக் கடனில் வீடு வாங்கினார். 1854இல் கடன் தீர்ந்தது. புத்தகத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நடுவில் வரும் அறிவுரைகள் பல கில்பர்ட்டின் குரல். பண்ணை, விலை, தூரம், ஆட்கள் என்று துல்லியமாக வரும் இடங்களில் பேசுவது இசபெல்லா.

1860களில் தன் புகைப்பட அட்டைகளையும் விற்றார். 1864இல் அவற்றுக்குத் தன் பெயரிலேயே பதிப்புரிமை பதிந்தார். ‘உடலைக் காப்பாற்ற நிழலை விற்கிறேன்’ என்ற பொருளில் அடியில் அச்சிட்டிருந்தது.

மகள்கள் வந்து சேர்ந்தார்களா?

மூவரும் வந்தார்கள், ஒருவர்பின் ஒருவராக. நார்தாம்ப்டனில் இருந்தபோது எலிசபெத்தும் சோபியாவும் சேர்ந்துகொண்டார்கள். உடல்நலம் குன்றியிருந்த டயானா தன் காலக்கெடு முடிந்த பிறகும் 1849 வரை டூமான்ட் வீட்டிலேயே இருந்தார். அவரைப் பார்க்கப் போனபோது, அடிமை முறை உலகிலேயே மிகக் கொடிய தீமை என்று டூமான்ட் ஒப்புக்கொண்டாராம். அதே டூமான்ட்தான் பீட்டரை விற்றவர்.

1857இல் ட்ரூத் மிச்சிகனின் பேட்டில் கிரீக் அருகே ஹார்மோனியா என்ற குடியிருப்புக்கு மாறினார். பிறகு பேட்டில் கிரீக் நகரத்துக்கே வந்தார். மகள்களும் பேரப்பிள்ளைகளும் அங்கே சுற்றிலும் அமைந்தார்கள். எலிசபெத்தின் மகன் ஜேம்ஸ் கால்ட்வெல், உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தவரின் 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1863இல் தெற்கத்தியப் படையிடம் சிறைப்பட்டு 1865 வரை கைதியாக இருந்தார். எலிசபெத்தின் இன்னொரு மகன் சாமி பேங்க்ஸ் பாட்டிக்குக் கண்ணும் எழுதுகோலுமாகக் கூடவே பயணம் செய்தார். 1875இல் இளம்வயதிலேயே அவர் இறந்தபின் நீண்ட பயணங்கள் குறைந்தன.

‘நான் பெண்ணில்லையா?’ உரையை அவர் நிஜமாகவே பேசினாரா?

அவருடைய மிகப் புகழ்பெற்ற உரை இது. 1851 மே 29 அன்று ஒஹையோவின் ஆக்ரன் நகரில், பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார், அதில் ஐயமில்லை. ஆனால் பரவலாகச் சுற்றும் வடிவம், அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃப்ரான்சஸ் கேஜ் 1863இல், பன்னிரண்டு ஆண்டு கழித்து வெளியிட்டது. ஒரு மாதத்துக்குள், 1851 ஜூன் 21இல், மாரியஸ் ராபின்சன் செய்தித்தாளில் வெளியிட்ட வடிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது.

கேஜின் வடிவத்தில் இரண்டு இடங்கள் இடிக்கும். ஒன்று, தெற்கத்திய அடிமைகளின் கொச்சை ஆங்கிலம். இவரோ ஒன்பது வயதுவரை டச்சு மட்டுமே பேசிய நியூயார்க்காரர். இரண்டு, ‘பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றேன், பெரும்பாலோர் விற்கப்பட்டதைக் கண்டேன்’ என்ற வரி. அவருக்குப் பிறந்தது ஐவர், அதில் விற்கப்பட்டது பீட்டர். பள்ளிக் கட்டுரைக்கு மேற்கோள் எடுப்பவர்கள் ராபின்சன் வடிவத்தை எடுப்பது பாதுகாப்பு.

போர்க்காலத்தில் என்ன செய்தார்?

1864 அக்டோபர் 29 அன்று ஆபிரகாம் லிங்கனைச் சந்தித்தார். அவர் இவருடைய கையொப்பப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில், விடுதலை பெற்றவர்களின் குடியிருப்பில் பணியாற்றினார். 1865இல் வாஷிங்டன் டிராம் வண்டியிலிருந்து ஒரு நடத்துநர் தள்ளியதில் தோள் பிசகியது. புகார் கொடுத்தார், நடத்துநருக்கு வேலை போயிற்று. விடுதலை பெற்றவர்களுக்கு மேற்கே அரசு நிலம் வேண்டும் என்று 1870 முதல் மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டினார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அசையவில்லை.

கல்லறையில் வயது 105 என்று இருக்கிறதே?

‘சுமார் 105’ என்று இருக்கிறது, அது தவறு. 1883 நவம்பர் 26 அன்று இறந்தபோது வயது 86 இருக்கலாம். பிறப்பை யாரும் பதியாததால் வயது மிகைப்பட்டது. கூட்டங்களுக்கு ஆள் சேர்க்க அந்த மிகை உதவியது என்பதும் உண்மை.

இன்று எந்த இடங்களைப் பார்க்கலாம்?

வழக்கு நடந்த கிங்ஸ்டனில் அல்ஸ்டர் கவுண்டி நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. வழக்கைக் குறிக்கும் பலகையும் உண்டு. போர்ட் ஈவனில், ஷ்ரைவர் கடையில் கூஜா சுமந்த சிறுமியாக இசபெல்லாவின் சிலை 2013இல் வைக்கப்பட்டது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் 2009இல் மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது. அங்கே அந்த மரியாதை பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர். கல்லறை பேட்டில் கிரீக்கின் ஓக் ஹில் இடுகாட்டில். 1904இல் இறந்த டயானாவையும் பேட்டில் கிரீக்கிலேயே அடக்கம் செய்தார்கள்.